மேஸ்திரியும் மாரட்டும் இடித்த கோட்டை

மதுரையில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். முதலில் திசை வரும், அப்புறம் மாதம் வரும். மேலமாசி வீதி, கீழ ஆவணி மூல வீதி, தெற்குச் சித்திரை வீதி. ஆடி வீதி மட்டும் கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து வெளியே வந்தால் சித்திரை, அதைச் சுற்றி ஆவணி மூலம், அதைச் சுற்றி மாசி. மாசிக்கு வெளியே வந்ததும் மாதக் கணக்கு தீர்ந்துபோய் திடீரென்று இரண்டு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். ஒருவர் பெருமாள் மேஸ்திரி, இன்னொருவர் மாரட். அவர்களையும் தாண்டினால் வெளி வீதி. அதோடு பழைய ஊர் முடிந்தது.

இடையில் ஒரு வேடிக்கை. சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். ஒரு காலத்தில் தேரோட்டம் மாசியில்தான் நடந்தது. திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார். திருவிழாவை மாற்றலாம், தேர் போகிற அகலத்துக்கு வீதியை மாற்ற முடியுமா? அதனால் மாதம் மாறியும் தேர் பழைய தடத்திலேயே ஓடுகிறது. மதுரையின் சுபாவமே இதுதான் என்று எனக்குத் தோன்றும். மேலே இருப்பது மாறினாலும் தரையில் போட்ட கோடு லேசில் அழியாது.

நான் சொல்ல வந்தது கடைசி மூன்று வீதிகளைப் பற்றி.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜுகள்தான் அதிகம். ரயிலை விட்டு இறங்கியவர்களுக்கு நடந்தே போகிற தூரம். அங்கே ஒரு டீக்கடையில் நின்றபோது கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்தப் பெருமாள் மேஸ்திரிங்கிறது யாரு?"

"யாருக்குத் தெரியும் தம்பி. கூடலழகர் பெருமாள் பேரா இருக்கும். அங்கிட்டுத்தான கோயில் இருக்கு."

"பெருமாள் சரி. மேஸ்திரி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அட ஆமா. பெருமாளு எங்க கொத்து வேலைக்குப் போனாரு?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்கு டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வீதியில் எங்கேயும் எழுதி வைக்கவில்லையே. லாட்ஜ் ரசீதிலும் பார்சல் சீட்டிலும் தினமும் ஆயிரம் தடவை எழுதப்படுகிற பெயர், ஆள் யாரென்று மட்டும் ஊருக்குத் தெரியாது.

மதுரைக்கு ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. இரண்டு கோட்டைகள் என்றுகூடச் சொல்லலாம். பாண்டியர் காலத்துக் கோட்டை சிறியது, கோயிலை ஒட்டியே சுற்றியிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் அதை இடித்துவிட்டு இன்னும் பெரிதாக இரட்டைச் சுவர் எழுப்பி, வெளியே அகழி வெட்டினார். பழைய கோட்டையின் கிழக்கு வாசலை மட்டும் விட்டுவைத்தார்கள். விட்டவாசல் என்று அம்மன் சன்னிதிப் பக்கம் அது இன்னும் நிற்கிறது. நாயக்கர் கோட்டைக்கு 72 கொத்தளங்கள். பாளையக்காரர்களும் 72 பேர். ஆளுக்கு ஒரு கொத்தளம் காவல். கணக்கு இவ்வளவு கச்சிதமாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஆனால் ஊர் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறது.

அந்தச் சுவர் சும்மா பேருக்கு நின்ற சுவர் அல்ல. மருதநாயகம் என்று நாம் அறிந்த கான்சாகிப் யூசுப்கான், கும்பினியையும் நவாபையும் எதிர்த்து 1763லும் 64லும் இந்தக் கோட்டைக்குள் இருந்துதான் தாக்குப்பிடித்தார். பீரங்கியால் அவரைப் பிடிக்க முடியவில்லை. கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

அதற்குப் பிறகு கோட்டைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. 1801ல் சீமை முழுக்கக் கும்பினியின் கைக்கு வந்தது. பாளையக்காரர்களை ஒடுக்கியாகிவிட்டது. யாரைத் தடுக்கச் சுவர்? வேலையில்லாத சுவரைப் பராமரிக்கவும் ஆள் இல்லை. அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. உள்ளே ஜனம் பெருகப் பெருக வீடுகள் நெருக்கியடித்தன. காற்று வராது, கழிவு நீர் வெளியேற வழி இல்லை, காய்ச்சல் வந்தால் தெருத் தெருவாகப் பரவும். கோட்டை என்பது பகைவனை வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக நோயை உள்ளே பூட்டி வைக்கிற ஏற்பாடாக மாறிப்போயிருந்தது.

1830களில் ஜான் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் வந்தார். சுவரை இடித்து அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். யோசனை சுலபம். செலவு? ஊரையே சுற்றி நிற்கிற இரட்டைச் சுவர் அது. கூலிக்கு ஆள் வைத்து இடித்தால் கஜானா தாங்காது. இந்த இடத்தில்தான் அந்த மனிதரின் மூளையை மெச்ச வேண்டும். சுவரின் இந்தப் பகுதியை யார் இடித்து, எதிரே இருக்கிற அகழியை யார் நிரப்புகிறார்களோ, அந்த இடம் அவர்களுக்கே என்று அறிவித்தார். அவ்வளவுதான். நெருக்கடியில் மூச்சுமுட்டிக் கிடந்த ஊர், கடப்பாரையும் கூடையுமாகக் கிளம்பியது.

எல்லாரும் உடனே கிளம்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டைச் சுவர் என்றால் வெறும் கல்லும் மண்ணுமா? வாசலுக்கு வாசல், கொத்தளத்துக்குக் கொத்தளம் காவல் தெய்வங்கள் இருந்தன. அதன்மேல் கடப்பாரையை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? ஊர்க்கதையின்படி, தெய்வங்களை முறைப்படி அங்கிருந்து இறக்கிக் கொண்டுபோய் வேறிடத்தில் சேர்த்த பிறகே இடிப்பு வேகம் பிடித்தது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் கட்டம் மறந்திருக்காது. 2011ல் சாகித்ய அகாதமி வாங்கிய நாவல். கோட்டை இடிபடுவதை அதில் படித்த பிறகு வெளி வீதியில் சாதாரணமாக நடந்துபோக முடியவில்லை, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

சரி, ஊரே இடிக்கிறது. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு இடித்து இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வீதி வராது, சந்துதான் வரும். அதற்குத்தான் இரண்டு பேர். ஒருவர் நிலத்தை அளந்து கோடு போட்ட சர்வேயர், மாரட். இன்னொருவர் ஆட்களை வைத்து வேலை வாங்கிய பெருமாள் மேஸ்திரி. புதிதாகக் கிடைத்த இடத்தில் பழைய மாசி வீதிக்கு இணையாகவே வீதிகளை இழுத்தார்கள். சுவரும் அகழியும் இருந்த விளிம்பு வெளி வீதி ஆனது. வெளி வீதிக்கும் மாசி வீதிக்கும் நடுவில் வந்த வீதிகளுக்கு அந்த இருவரின் பெயர்.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு பெரிய விஷயம். புதிய அரசாங்கம், புதிய நிலம், எப்படி வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகப் போடுவதுதான் அன்றைய வெள்ளைக்காரர்களின் வழக்கம். ஆனால் கோயிலை நடுவில் வைத்துச் சுற்றி வருகிற பழைய ஒழுங்கையே இன்னும் ஒரு சுற்று நீட்டினார்கள். மாரட்டின் முடிவா, சுவர் ஏற்கெனவே அந்த வடிவத்தில் இருந்ததால் அப்படி அமைந்ததா, எதுவானாலும் நமக்கு லாபம். வெளியூர்க்காரர்கள் 'பழைய மதுரை' என்று படம் எடுக்கிற வீதிகளில் பாதிக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை.

கலெக்டருக்கு என்ன கிடைத்தது? ஒரு விளக்கு. கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சந்திக்கிற முனையில் ஊர்க்காரர்கள் நன்றிக்கு ஒரு விளக்குத்தூண் நட்டார்கள். அதன் பெயரே அந்த இடத்துக்கும் ஆகிவிட்டது. விளக்குத்தூண் என்றால் மதுரையில் எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடைக் கூட்டத்தில் நசுங்கும் இடம், ஜிகர்தண்டா குடிக்கும் இடம், போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் இடம். தூணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் போன அன்று அதன் அடியில் ஒருவர் நைட்டிகளை அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு தட்டுவண்டி, அதன்மேல் இன்னொரு மூட்டை. மேலே நிமிர்ந்து பார்த்தால் வயர்களுக்கு நடுவே விளக்கின் கூண்டு. கல்வெட்டைப் படிக்கலாம் என்று குனிந்தேன். "என்னண்ணே, சைஸ் சொல்லுங்க" என்றார்.

கலெக்டர் பெயர் மறைந்து மேஸ்திரி பெயர் நின்றுவிட்டதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. அண்ணா சாலை, காந்தி ரோடு, நேரு வீதி என்று எந்த ஊரில் பார்த்தாலும் தலைவர்கள் பெயர்தான். வேலை வாங்கிய மேஸ்திரிக்கு ஊரின் நடுவில் ஒரு வீதிச் சுற்றையே எழுதிவைத்த ஊர் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. பெயர் மாற்றும் ஆசை அவ்வப்போது எல்லா ஊருக்கும் வரும். இந்தப் பெயரில் மட்டும் யாரும் கைவைக்காமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

கோட்டை போனது, வாசல்கள் போகவில்லை. கீழவாசல், தெற்குவாசல் என்று டவுன் பஸ் கண்டக்டர் இன்றும் குரல் கொடுக்கிறார். இறங்கிப் பார்த்தால் வாசலும் கிடையாது, கதவும் கிடையாது. 1834ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் கட்டிய கோயில்களுக்கு ஈஸ்ட் கேட் சர்ச், வெஸ்ட் கேட் சர்ச் என்றே பெயர். கேட்டை இடித்தபின்னும் சர்ச் கேட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயம், மேலவெளி வீதியைத் தாண்டியதும் ரயில் நிலையம். திறந்துவிடப்பட்ட விளிம்பில்தான் 19ஆம் நூற்றாண்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

ரயில் 1875ல் வந்தது. அதற்கு முன்பே 1866ல் நகராட்சி வந்துவிட்டது. 1871ல் ஊரின் ஜனத்தொகை 52 ஆயிரத்தைத் தொடவில்லை. 1901ல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. முப்பதே வருஷத்தில் இரட்டிப்பு. ஹார்வி மில் என்று ஊர் சொல்கிற மதுரா மில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் புகையத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். 1889ல் வைகையின் மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் கட்டினார்கள். மகாராணியின் பேரன் பெயர். யார் அந்தப் பேரன் என்று ஊர் கவலைப்படவில்லை, ஏ.வி. பாலம் என்று சுருக்கிக்கொண்டது. அந்தப் பாலம் வரும்வரை கோரிப்பாளையமும் தல்லாகுளமும் அக்கரைதான். ஆற்றில் தண்ணீர் ஓடினால் காத்திருக்க வேண்டும். பாலம் வந்ததும் ஊர் வடக்கே தாண்டியது. கோட்டை இன்னும் நின்றிருந்தால் இத்தனை பேரும் எங்கே போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நாயக்கர் மகாலையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. திருமலை நாயக்கர் 1636ல் கட்டியது. நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அதில் ஒரு பகுதிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனது போக மிச்சம். அந்த மிச்சமும் விழும் நிலையில் இருந்ததை கவர்னர் நேப்பியர்தான் 1860களின் கடைசியில் பழுது பார்க்கச் செய்தார். பிறகு அதற்குள் மாவட்டக் கோர்ட் நடந்தது. 1970 வரை வாய்தா வாங்கியவர்கள் அந்தப் பெரிய தூண்களின் அடியில் உட்கார்ந்துதான் வாய்தா வாங்கினார்கள். அரண்மனையின் இன்னொரு துண்டு விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்தில் இருக்கிறது. கூரை இல்லை, மேடை இல்லை. பத்துத் தூண்கள் மட்டும் ஜவுளிக்கடை மாடிகளுக்கு நடுவே வரிசையாக நிற்கின்றன. சேலைக் கட்டைத் தலையில் சுமந்துபோகிறவர் தூணைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

இதுவரைக்கும் மெச்சிக்கொண்டே வந்துவிட்டேன். இனி கொஞ்சம் புலம்பல்.

அகழியைத் தூர்த்தது சரி. அது நோய் பிடித்த தண்ணீர். ஆனால் அதோடு நிறுத்தியிருக்கலாம். தண்ணீரை மண் போட்டு மூடினால் நிலம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட ஊர், அப்புறம் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் அதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்தது. புதுமண்டபத்துக்குப் பக்கத்தில் எழுகடல் என்று ஒரு தெப்பம் இருந்தது. இப்போது எழுகடல் தெருவில் கடை இருக்கிறது, கடல் இல்லை. டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் பெருமாளின் தெப்பக்குளம் இருக்கிறது என்று சொன்னால் அந்த ரோட்டில் செருப்பு வாங்குகிறவரே நம்பமாட்டார். நான்கு பக்கமும் கடைகள். கடைகளுக்கு முதுகுப்புறம் குளம். கிருதுமால் என்று ஒரு நதி ஊருக்குள் ஓடுகிறது. ஆமாம், நதி. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் தாண்டுகிற அந்தச் சாக்கடைதான்.

ஆற்றுக்கு வடக்கே கண்மாய்களின் கதை இன்னும் மோசம். தல்லாகுளம் கண்மாயின் இடத்தில் மாநகராட்சி அலுவலகம். உலகனேரிக் கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளை, 2004ல் திறந்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்கு எத்தனையோ அங்கேதான் விசாரணைக்கு வருகிறது. நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. கோர்ட் விஷயம்.

விளைவு வீட்டுக் குழாயில் தெரிகிறது. ஒரு காலத்தில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த ஊர். பிறகு ஆற்றுப்படுகையில் கொச்சடை, மணலூர் என்று கிணறு வெட்டிக் குழாயில் கொண்டுவந்தார்கள். அதுவும் போதாமல் 1959ல் கட்டி முடித்த வைகை அணையிலிருந்து குழாய். அதுவும் போதாமல் இப்போது லோயர் கேம்ப் வரைக்கும் போய், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மலையடிவாரத்திலேயே பிடித்துவரும் திட்டம். எங்கள் தெருவில் நல்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். வராத நாளில் உப்புத் தண்ணி. வெயில் காலத்தில் அந்த ஒருநாளும் தள்ளிப்போகும், அன்றைக்கு லாரிக்காரர் வைத்ததுதான் விலை.

ஒரே ஒரு ஆறுதல், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டியது. வருஷக்கணக்காகக் காய்ந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடம். தெப்பத்திருநாளுக்கு மட்டும் பாடுபட்டுத் தண்ணீர் நிரப்புவார்கள், அப்புறம் மறுபடி கிரிக்கெட். சில வருஷங்களுக்கு முன்பு வைகையிலிருந்து வருகிற பனையூர்க் கால்வாயை ஒழுங்காகத் தூர்வாரி வழிவிட்டதும் குளம் நிறைந்தது. சுற்றுவட்டாரத்து போர்களில் தண்ணீர் மட்டம் ஏறியதாக அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே இருந்த வாய்க்காலில் அடைப்பை எடுத்தார்கள். அவ்வளவே. கூடலழகர் தெப்பத்துக்கும் இதைச் செய்யலாம். குளம் அங்கேயேதான் இருக்கிறது, கடைகளின் முதுகைத்தான் நகர்த்த வேண்டும். அதுதான் கஷ்டம் என்பதும் தெரியும். வாடகை வருகிற முதுகு.

மதுரைக்கு வந்தால் கோயில், மகால், ஜிகர்தண்டா என்று எல்லாரும் ஒரே பட்டியலோடு வருகிறார்கள். அதோடு ஒரு அரை மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மேலவெளி வீதியில் நாயக்கர் கோட்டையின் கொத்தளம் ஒன்று மிச்சம் இருக்கிறது. தொல்லியல் துறையின் நீலப் பலகை வைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே நின்று சுவரின் உயரத்தைக் கண்ணால் ஒரு தடவை அளந்துகொண்டு, அப்படியே கிழக்கே கோயிலைப் பார்த்து நடக்க வேண்டும். பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி இரண்டையும் தாண்டி மாசி வீதியில் வந்து நின்றால், கோட்டைக்காரர்களின் ஊருக்குள் நுழைந்தாகிவிட்டது. அங்கிருந்து உள்ளே எழுத்தாணிக்காரத் தெரு, பச்சரிசிக்காரத் தெரு, தென்னோலைக்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு என்று தொழில் பெயரோடு நிற்கிற பழைய தெருக்களில் எங்கே வேண்டுமானாலும் தொலைந்து போகலாம். மேலமாசி வீதியிலேயே, 1921 செப்டம்பரில் காந்தி மேல்சட்டையைக் களைந்துவிட்டு அரைவேட்டிக்கு மாறிய வீடு இருக்கிறது. கீழே கதர்க்கடை.

மாநகராட்சியில் யாராவது இதைப் படித்தால் ஒரு சின்ன விண்ணப்பம். அந்த இரண்டு வீதிகளின் முனையிலும் யார் இந்தப் பெருமாள் மேஸ்திரி, யார் இந்த மாரட் என்று நாலு வரியில் ஒரு பலகை வைக்கலாம். எதிர்ப்பு வராது, செலவும் அதிகம் ஆகாது. டீக்கடைக்காரர் ஒருவருக்காவது பதில் கிடைத்துவிடும்.